வீட்டுக் கிரய ஒப்பந்தத்தில் கெடு: ஒரு மாதமா, மூன்று மாதமா, பதினொரு மாதமா?

மே மாதம் 12ஆம் தேதி காலை, சேலத்தில் பத்திரம் எழுதும் என் மேசைக்கு எதிரே இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. விற்பவர் அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். வாங்குபவர்கள் அழகாபுரத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பதி, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். விலை 42 லட்சம், அட்வான்ஸ் 4 லட்சம் என்று பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். "பாக்கியைக் கொடுத்துக் கிரயம் முடிக்கக் கெடு எத்தனை நாள் போடட்டும்?" என்று கேட்டேன்.

"வழக்கம்போல மூன்று மாதம் போடுங்கள் அண்ணா" என்றார் விற்பவரின் தம்பி. வாங்கும் கணவர், "ஆறு மாதம் இருந்தால் நிம்மதியாக இருக்கும்" என்றார். விற்பவரின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு அரை வருடம் எங்களைக் கட்டிப்போடுவதா? ஒரே மாதத்தில் முடியுங்கள்" என்றார். விலையில் வராத தகராறு கெடுவில் வந்துவிட்டது.

சேலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆவணம் எழுதுகிறேன். இந்தத் தகராறை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். பெரும்பாலும் யாராவது ஒருவர் அலுத்துப்போய், "சரி, மூன்று மாதம்" என்று ஒப்புக்கொள்வார். யாருடைய வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் வரும் சங்கடங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. எந்தக் கெடு யாருக்குப் பொருந்தும் என்று பலரும் கேட்பதால், நான் கண்டவற்றை வைத்து இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## முதலில், கெடு எதைக் கட்டுகிறது

அக்ரிமென்ட் எழுதிவிட்டால் வீடு பாதி நம்முடையது ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்த பிறகே வீடு கைமாறுகிறது. நடுவில் இருக்கும் காலத்துக்குத்தான் கெடு. அந்தக் காலம் முழுவதும் விற்பவர் வேறு யாருக்கும் விற்க முடியாது, வாங்குபவரின் அட்வான்ஸும் வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அதை நம்பிப் பதிவைத் தவிர்க்காதீர்கள். பதிவு செய்தால் ஒப்பந்தம், சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றில் ஏறும். விற்பவர் அதே வீட்டுக்கு இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்குவதைத் தடுக்க அதைவிட நல்ல காவல் வேறில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். வாங்குபவரின் பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? விற்பவரின் மூலப்பத்திரமும் மற்றக் காகிதங்களும் இப்போது எங்கே இருக்கின்றன? வீடு எப்போது காலியாகும்? கெடு தவறினால் யாருக்கு எவ்வளவு நட்டம்? கடைசியாக, கெடு முடியும் நாள் நாட்காட்டியில் எங்கே விழுகிறது?

இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. விற்பவருக்கு வீட்டுக் கடன் இருந்தால் அசல் பத்திரம் வங்கியில் இருக்கும். கடனை முழுவதும் அடைத்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படியானால் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு மாதம் அங்கே போய்விடலாம். கடன் வாங்கும்போது பதிவு செய்த அடமானத்துக்கு, கடன் அடைந்தது என்று காட்டும் ரசீது ஆவணம் பதிவு செய்து வில்லங்கத்தை நீக்க வேறு சில நாட்கள் வேண்டும். இதையெல்லாம் எண்ணாமல் "ஒரு மாதத்தில் கிரயம்" என்று எழுதுவது, வராத பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பதற்குச் சமம்.

முதல் கேள்விக்கு என் அனுபவக் கணக்கு இது: காகிதம் நேராக இருந்தால், வங்கியின் வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் வருகை, கடன் அனுமதி எல்லாம் முடிய மூன்றிலிருந்து ஆறு வாரம். பழைய பத்திரத்தில் அளவு ஒன்றாகவும் பட்டாவில் அளவு வேறாகவும் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

ஐந்தாவது கேள்வியை வெளியூர்க்காரர்கள் சிறிதாக நினைக்கலாம். சேலத்தில் அப்படி நினைக்க முடியாது. ஆடி மாதத்தில் பலர் கிரயம் செய்ய மாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் நகரமே அந்தப் பக்கம் திரும்பிவிடும், உள்ளூர் விடுமுறையும் விடுவது வழக்கம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் அறிவிக்கும், அதுவும் வேகமாகத் தீர்ந்துவிடும். மே மாத முதல் பாதியில் எழுதும் மூன்று மாதக் கெடு நேராக ஆடிக்குள் போய் விழும் என்பதை எழுதுகிற அன்றே பார்த்துவிட வேண்டும்.

## ஒரு மாதக் கெடு, அல்லது நேரடிக் கிரயம்

பணம் கையில் இருக்கிறது, கடன் தேவையில்லை, மூலப்பத்திரம் விற்பவரின் பீரோவில் இருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தம், வீடு காலி. இந்த ஐந்தும் பொருந்தினால் குறுகிய கெடுவே நல்லது. உறவுக்குள் நடக்கும் விற்பனைக்கும், பல ஆண்டுகளாகக் குடியிருப்பவரே வீட்டை வாங்கிக்கொள்ளும்போதும் இது பொருந்தும். அட்வான்ஸ் முடங்காது, நேரடிக் கிரயம் என்றால் ஒப்பந்தப் பதிவுச் செலவும் மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு சரிபார்க்க நேரம் இல்லாமல் போவது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். நீதிமன்றத்தில் இருக்கும் பாகப் பிரிவினை வழக்கோ, பதிவாகாத உயிலோ, கட்டாத சொத்து வரியோ அதில் தெரியாது. பூர்வீக வீடு என்றால் பெண் பிள்ளைகளின் பங்கையும் பார்க்க வேண்டும். இந்துக் குடும்பங்களில் 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005இல் மத்தியச் சட்டமும் மகளுக்கு மகனைப்போலவே பங்கு கொடுத்துவிட்டன. ஆனாலும் "தங்கச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்ற நம்பிக்கையில் இன்றும் பலர் பத்திரம் எழுத வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் குகைப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 30 நாள் கெடுவில் ஒப்பந்தம் எழுதினேன். வாங்குபவர் வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்துப் பணம் எடுத்துவிட்டார். 26ஆம் நாள்தான், விற்பவரின் தங்கை ஒருவர் பிரசவத்துக்குப் பிறகு வெளியூரில் இருப்பதும் அவர் கையெழுத்து வேண்டும் என்பதும் தெரிந்தது. தங்கை மறுக்கவில்லை, பயணம் செய்யும் நிலையில்தான் இல்லை. கிரயம் 50 நாள் கழித்து நடந்தது. அந்த 50 நாளும் வாங்குபவர் உடைத்த வைப்புத் தொகைக்கான வட்டியை இழந்து, வாடகையும் கொடுத்து, தினம் எனக்கு போன் செய்தார். முதல் நாளே வாரிசுகள் எத்தனை பேர் என்று நான் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து கேட்காமல் எழுதுவதில்லை.

## மூன்று மாதக் கெடு

சேலத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்களின் அளவு இது. ஒரே ஒரு வங்கிக் கடன், விற்பவருக்குக் கடன் இல்லை, வீட்டில் விற்பவர் மட்டும் குடியிருக்கிறார் என்றால் மூன்று மாதம் போதும். சம்பளக்காரர்கள் வாங்கும் நகர்ப்புற வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதும் இதுதான். ஆனால் அதை எழுதும் முறையில்தான் வினை இருக்கிறது.

பழைய மாதிரி ஒப்பந்தங்களில் வாக்கியம் இப்படி ஓடும்: "இன்று முதல் மூன்று மாத காலத்திற்குள் பாக்கிக் கிரயத் தொகையைச் செலுத்தி, தாங்களோ தாங்கள் கோரும் நபருக்கோ கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது." இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று ஓட்டைகள். "இன்று முதல்" என்றால் முத்திரைத்தாள் வாங்கிய நாளா, கையெழுத்துப் போட்ட நாளா, பதிவான நாளா? மூன்றும் வெவ்வேறு தேதிகளாக இருந்த ஒப்பந்தங்கள் என்னிடமே வந்திருக்கின்றன. கடைசி நாள் ஞாயிறாகவோ உள்ளூர் விடுமுறையாகவோ இருந்தால் என்ன செய்வது என்ற பேச்சே இல்லை. பாக்கித் தொகையைச் செலுத்த வேண்டியவரின் கடமை மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. விற்பவர் எந்த நாளுக்குள் மூலப்பத்திரம் கொண்டுவர வேண்டும், வரியைக் கட்டி ரசீது தரவேண்டும் என்ற வரி இல்லை. "தாங்கள் கோரும் நபருக்கோ" என்பதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

ஆகவே மாதக் கணக்கு வேண்டாம், தேதியை எழுதுங்கள். "ஆகஸ்ட் 28ஆம் தேதி மாலை நான்கு மணிக்குள், அன்று பதிவு அலுவலகம் இயங்காவிட்டால் அடுத்த வேலை நாளில்" என்று எழுதினால் யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

செலவையும் பார்ப்போம். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தவர் 7 சதவீத வைப்பு வட்டியை இழக்கிறார் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய். கூடவே 14,000 ரூபாய் வாடகை. தாமதம் ஒரு மாதத்துக்கு 17,000 ரூபாய் அளவுக்கு வாங்குபவரின் தலையில் விழுகிறது. விற்பவர் பக்கம் அவர் வாங்க நினைத்திருக்கும் அடுத்த வீடு கைநழுவிப் போகலாம். விலை பேசும்போது பத்தாயிரத்துக்கு அரை மணி நேரம் வாதாடுகிற நாம் கெடுவில் இந்தத் தொகையைக் கவனிப்பதே இல்லை.

பதிவுக் கணக்கு தனி. கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், ஆக 9 சதவீதம். 42 லட்சத்துக்கு 3 லட்சத்து 78 ஆயிரம். விற்பனை விலையைவிட, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் வழிகாட்டி மதிப்புக்கே கட்டவேண்டும். வீட்டுக் கடன் இந்தத் தொகைக்குப் பொதுவாகக் கிடைக்காது, கைப்பணமாக வைத்திருக்க வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டவேண்டும், விற்பவர் கைக்கு வரும் தொகை அந்த அளவு குறையும். இதை முன்பே சொல்லிவிடாததால் பதிவு அலுவலக வாசலில் முகம் சிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## ஆறு மாதம், பதினொரு மாதம்

நீண்ட கெடு சிலருக்கு உண்மையாகவே தேவை. தன் பழைய மனையை விற்று இந்த வீட்டை வாங்குகிறவர், வருங்கால வைப்பு நிதியோ சீட்டோ முதிர்வதற்குக் காத்திருப்பவர், உடன்பிறந்தவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பம். தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்து வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் (பவர்) இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பத்திரம் எழுதிக் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்றும் தேவைப்படும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் செய்யும் வரியின் அளவே வேறு. இந்த நிலைகளில் மூன்று மாதம் என்று எழுதிவிட்டு முட்டி மோதுவதைவிட ஆறு மாதம் என்று எழுதுவது நேர்மை.

விற்பவருக்கும் சில நேரம் காலம் லாபமாகும். வீட்டை வாங்கி 24 மாதம் முடியாமல் விற்றால் அது குறுகிய கால ஆதாயம், வரி அவரவர் வருமான விகிதத்தில் விழும். இன்னும் இரண்டு மாதத்தில் 24 மாதம் முடிகிறது என்றால் கிரயத்தை அதற்குப் பின்னால் தள்ளிவைப்பது பெரிய தொகையை மிச்சப்படுத்தும். பிப்ரவரி, மார்ச்சில் முடியும் கெடு என்றால், ஏப்ரலுக்குப் போனால் வரி எந்த நிதியாண்டில் விழும் என்று கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மறைந்த செலவுகள் அதிகம். விற்பவரின் விலை அன்றைய விலையிலேயே உறைந்துவிடும். கடன் அனுமதிக் கடிதம் காலாவதியாகி மறுபடி மனுப் போடவேண்டி வரும். 2024 ஜூலை 1 முதல் நடந்ததைப்போல நடுவில் வழிகாட்டி மதிப்பு மாறினால் கிரயத்தன்று இருக்கும் மதிப்புக்கே தீர்வை. வயதான விற்பவர் என்றால் இடையில் அவர் காலமாகிவிட, வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்கும். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்திருக்கிறது.

விற்பவர்களுக்கு ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். பதிவான ஒப்பந்தம் கெடு முடிந்த மறுநாள் தானாக மறையாது. வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். வாங்குபவர் வந்து ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போடாதவரை, அடுத்து வருபவருக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். வழக்குப் போடுவதற்கான காலமோ கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள். பதினொரு மாதக் கெடு தவறினால் விற்பவர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

"தாங்கள் கோரும் நபருக்கோ" என்ற சொற்கள் இங்கேதான் பல்லைக் காட்டும். சிறிய அட்வான்ஸ் கொடுத்து, பதினொரு மாதக் கெடு வாங்கி, அதற்குள் கூடுதல் விலைக்கு இன்னொருவரைப் பிடித்து நேரடியாக அவர் பெயருக்குக் கிரயம் செய்துவிடும் ஆட்கள் உண்டு. ஆள் கிடைத்தால் லாபம் அவர்களுக்கு, கிடைக்காவிட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள். குடியிருக்க வாங்குகிற குடும்பத்துக்கு அந்தச் சொற்கள் தேவையே இல்லை. விற்பவர் அவற்றை எடுத்துவிடச் சொல்லலாம். பிள்ளை பெயரில் வாங்கும் எண்ணம் இருந்தால் பிள்ளையின் பெயரையே எழுதிவிடலாம்.

வாங்குபவரும் நீண்ட கெடுவை நம்பித் தூங்கக் கூடாது. மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978 டிசம்பரில் எழுதிய ஒப்பந்தம், 60 ஆயிரம் விலை, 5 ஆயிரம் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. வாங்குபவர் இரண்டரை ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டுக் கேட்டார். அதற்குள் விலை பல மடங்காகிவிட்டது. அசையாச் சொத்தில் காலம் தானாகவே ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஆகிவிடாது, அதாவது கெடு தவறியதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது என்ற பழைய கொள்கை இருந்தும், கெடுவுக்கு ஒரு பொருள் உண்டு என்று சொல்லி 1997இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டைத் தர மறுத்துவிட்டது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர உத்தரவிடுவது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லை என்றாலும், நான் பணத்தோடு தயாராக இருந்தேன் என்று வாங்குபவர் நிரூபித்தாக வேண்டும் என்பது மாறவில்லை. விற்பவர் நழுவுவதுபோலத் தெரிந்தால் கெடு முடியும் முன்பே ஒப்புகை அட்டையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். கடன் அனுமதிக் கடிதம், வங்கி இருப்பு இரண்டையும் எடுத்து வையுங்கள்.

## படிப்படியான கெடு

விற்பவருக்குக் கடன் இருக்கிறது, வாங்குபவருக்கும் கடன் தேவை, வீட்டில் ஆட்களோ தொழிலோ இருக்கிறது. இப்படிச் சிக்கல் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒரே தேதி போதாது. அப்போது இரண்டு மூன்று படிகள் வைத்து எழுதுவது நல்லது: இந்தத் தேதிக்குள் விற்பவர் கடனை அடைத்து அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும், காட்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் வாங்குபவர் கடன் அனுமதி பெற்றுக் கிரயம் முடிக்க வேண்டும், எப்படியானாலும் இந்தத் தேதியைத் தாண்டக் கூடாது.

மூன்றாவதாகச் சொன்ன அந்த வெளி எல்லையை விட்டுவிட்டால் எல்லாம் கெட்டது. "வங்கியிலிருந்து பத்திரம் வந்ததும் கிரயம்" என்று மட்டும் எழுதிய ஒப்பந்தம் ஒன்றில், பத்திரம் வந்ததை விற்பவர் நான்கு மாதம் சொல்லவே இல்லை. தேதி குறிப்பிடாத ஒப்பந்தத்தில் வழக்குக்கான காலம், நிறைவேற்ற மறுத்தது வாங்குபவருக்குத் தெரிந்த நாளிலிருந்து தொடங்கும். எது மறுப்பு, எப்போது தெரிந்தது என்பதே பெரிய வழக்காகிவிடும். அதனால் வெளி எல்லையோடு, பத்திரம் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரியும் வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதும் என்றால் எந்த எண்ணுக்கு என்று எழுதுங்கள்.

இந்த முறையின் குறை, எழுதவும் படிக்கவும் நேரம் பிடிக்கும். அவசரத்தில் வருகிறவர்கள் பொறுமையிழப்பார்கள். இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். யார் எங்கே தாமதித்தார் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடுவதால், அட்வான்ஸைத் திருப்பித் தருவதா பறிமுதல் செய்வதா என்ற பேச்சு ஊர்ப் பஞ்சாயத்து வரை போகாது.

| | ஒரு மாதம் | மூன்று மாதம் | 6–11 மாதம் | படிப்படி |
|---|---|---|---|---|
| வாங்குபவர் பணம் | கையில் தயார் | ஒரு வங்கிக் கடன் | வேறு சொத்து விற்க வேண்டும் | கடன் உண்டு, காகிதத்துக்குக் காத்திருப்பு |
| விற்பவர் காகிதம் | வீட்டிலேயே | வீட்டில், சிறு குறை | வாரிசு, வெளிநாட்டுக் கையெழுத்து | வேறு வங்கியில் அடமானம் |
| மறைந்த செலவு | சரிபார்க்க நேரமில்லை | ஆடி, மார்கழியில் விழும் ஆபத்து | விலை உறைவு, வில்லங்கத்தில் தேக்கம் | எழுதும் உழைப்பு |
| யாருக்குச் சாய்வு | விற்பவருக்கு | சமம் | வாங்குபவருக்கு | சமம் |

## ஏற்காட்டு வீடு என்றால்

மலைக்கு மேலே கணக்கு வேறு. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது. வீடு கட்டிய அனுமதி, மனைப்பிரிவின் அங்கீகாரம் எல்லாவற்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையை வீட்டுமனை என்று பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலையின் பழங்குடியினருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலமா என்பதை வருவாய்த்துறை ஆவணத்தில் பார்த்தே தீர வேண்டும். சர்வேயர் மேலே வந்து அளக்க நாள் கிடைக்க வேண்டும், மழை விட வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, கையில் கெடு தேதியோடு கீழே காத்திருந்தவர்கள் இருப்பார்கள்.

கூடவே காப்பி. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் காப்பியும் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியும் இருந்தால், நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு, அடுத்து மிளகு. டிசம்பரில் கெடு விழுந்தால் செடியில் இருக்கும் பழம் யாருக்கு? வாங்குபவர் "வீட்டோடு எல்லாம்" என்பார், விற்பவர் "உரம் போட்டது நான்" என்பார். மகசூல் யாருக்கு என்று எழுதிவிட்டு, கெடுவை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். ஏற்காட்டுக்கு மூன்று மாதக் கெடுவை நான் எழுதுவதில்லை. ஆறு மாதம், படிகளோடு.

## பதிவு ஒரு நாள், சுவாதீனம் ஒரு நாள்

கிரயம் நடக்கும் நாளிலேயே சாவி கைமாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் தள்ளிப்போனால் எழுதியிருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கீழ்த்தளத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் தீபாவளி ஆர்டர் முடியாமல் காலி செய்ய முடியாது. வாடகைக்காரர் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வுக்கு முன் நகர மாட்டார். பாக்கித் தொகையில் ஒரு பகுதியைச் சாவி வாங்கும் நாளுக்கு வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. எந்த அரையாண்டு வரை விற்பவர் கட்டுகிறார் என்று ஒரு வரி, மின் கட்டணத்துக்கு ஒரு வரி. அட்வான்ஸ் எவ்வளவானாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். வீடு, நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அது விற்பவர் தலையில் விழும்.

## அன்று என்ன எழுதினோம்

அம்மாபேட்டைக்காரருக்கு வங்கியில் 6 லட்சம் கடன் பாக்கி என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் என்று சொன்ன அவர் மனைவிக்கே, பத்திரம் வங்கியிலிருந்து வர ஒரு மாதம் ஆகலாம் என்றதும் யோசனை வந்தது. ஒரு தாளை எடுத்துப் பின்னாலிருந்து எண்ணினோம். அட்வான்ஸ் 4 லட்சம் நேராகக் கடன் கணக்குக்குக் காசோலை, மீதி 2 லட்சம் விற்பவர் போட்டு ஜூன் முதல் வாரம் கடன் முடிப்பு. ஜூலை முதல் வாரம் அசல் பத்திரம். ஜூலை இறுதிக்குள் வாங்குபவரின் கடன் அனுமதி. ஆகஸ்ட் 17 வரை ஆடி.

தறியில் ஏற்றிய நீளவாட்டு நூலான பாவு இரண்டு பாக்கி இருப்பதாக விற்பவர் சொன்னார். ஆவணி முகூர்த்தத்துக்குத் தரவேண்டிய வேட்டிகள். பாவை அறுத்து வேறு வீட்டுத் தறியில் ஏற்றினால் பட்டு வீணாகும். ஆகஸ்ட் 20க்குள் இறக்கிவிடுவதாகக் கணக்குச் சொன்னார். கெடு ஆகஸ்ட் 28 என்று முடிவாயிற்று. வங்கித் தாமதம் எழுத்தில் காட்டப்பட்டால் மட்டும் ஒருமுறை நீட்டிப்பு, வெளி எல்லை செப்டம்பர் 25. விற்பவர் தவறினால் அட்வான்ஸோடு மாதம் இவ்வளவு இழப்பீடு, வாங்குபவர் தவறினால் இவ்வளவு மட்டும் பிடித்தம். ஆறு மாதம் கேட்ட கணவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஆறு மாதமில்லை, ஆடிக்குப் பிறகு இரண்டு வாரம்தான்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் வாங்கும் அம்மா, "கூடத்தில் இருக்கும் தறிக்குழி என்ன ஆகும்?" என்று கேட்டார். குழந்தை சிறியது, விழுந்துவிடும் என்றார். நெசவாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானே மூடித் தருகிறேன்மா" என்றார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: தறிக்குழியை விற்பவர் தம் செலவில் மண்ணடித்து, மேலே சிமெண்ட் பூசி, சாவி ஒப்படைக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பாகக் காட்ட வேண்டியது. இருவரும் அந்த வரிக்கு அருகிலும் கையெழுத்துப் போட்டார்கள்.